கன்னத்துப் பொட்டும் ஹவ்வா அக்காவின் கையெழுத்தும்

ஹவ்வா அக்கா பேனாவின் மூடியைக் கழற்றினார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் மூடியைப் போட்டுவிட்டார்.

'டக்' என்ற அந்தச் சத்தத்தில் நான் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன்.

அவருடைய குசினி மேசையில் பாஸ்போர்ட் விண்ணப்பப் படிவம் விரிந்து கிடந்தது. அதன்மேல் என் மகள் மைதிலியின் இரண்டு படங்கள். பதினான்கு மாதக் குழந்தை. வெள்ளைத் திரைக்கு முன்னால் திகைத்துப்போய் வாயைத் திறந்திருந்தாள். அடுப்பில் கொதித்த நிலக்கடலைக் குழம்பின் ஆவி ஜன்னல் கண்ணாடியில் படிந்து வழிந்துகொண்டிருந்தது.

அவர் மேசை லாச்சியை இழுத்து, பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துப் படத்தின்மேல் பிடித்தார்.

"மாமான் மைதிலி, இந்தப் பொட்டை அழிக்காமலோ படம் எடுத்தனீர்?"

"ஓம், அக்கா."

"மறந்து போனீரோ?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்த வாரப் பத்தியில் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

"இல்லை," என்றேன். "வேணுமெண்டுதான்."

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்குள் எங்கள் பேச்சாகவேதான் தங்கியிருக்கிறது. 'மாமான் மைதிலி' என்றால் அவர்களுடைய ஹவுசா மொழியில் மைதிலியின் அம்மா. அங்கே பிள்ளை பெற்றவளை அப்படித்தான் அழைப்பார்களாம். "அவ உன்னை மாமன் எண்டு கூப்பிடுறா, நீ அவவை அக்கா எண்டுறாய். நல்ல உறவு," என்று என் கணவர் சிரிப்பார்.

ஒரே மாதிரியான இரண்டு கோப்பைகள்

ஹவ்வா அக்கா நைஜீரியாவின் வடக்கே கானோ என்ற ஊரைச் சேர்ந்தவர். எங்களுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் தங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். கிழமைக்கு ஒன்றாக வாராவாரம் ஒரு தாள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ஹவுசா.

அந்தத் தாள்களைத் தட்டச்சு செய்து கொடுத்தது நான். அவருடைய தட்டச்சுப் பொறி எங்கள் அறையில்தான் இருக்கும். ஹவுசாவில் சில எழுத்துகளுக்குத் தலையில் ஒரு சின்னக் கொக்கி உண்டு. பொறியில் அது கிடையாது. அடித்து முடித்த பிறகு கறுப்புப் பேனாவால் ஒவ்வொரு எழுத்துக்கும் நான் கொக்கி போடுவேன். ஹவுசா எனக்குத் தெரியாதபடியால் எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன், பிழையே வராது. பிழையெல்லாம் ஆங்கிலப் பக்கத்தில்தான்.

அந்தக் கிழமை தாளின் தலைப்பு, ஒன்று மற்றொன்றைப் போல இருப்பதைச் சொல்லும் விதங்கள். 'லுக்ஸ் லைக்', 'டேக்ஸ் ஆஃப்டர்', 'த சேம் அஸ்', 'சிமிலர் டு'. எதிரே ஹவுசாவில் 'கமர்' என்றால் போல. 'இரி தயா' என்றால் ஒரே இனம், ஒரே மாதிரி. 'தா யி கமா தா உவர்தா' என்றால் அவள் தாயைப் போல இருக்கிறாள்.

"உங்கடை பாஷையிலை இதை என்னெண்டு சொல்லுவீங்கள்?" என்று ஒருநாள் கேட்டார்.

"அச்சொட்டாத் தாயைப் போல எண்டு சொல்லுவம்."

"அச்சொட்டா," என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அவருக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது.

அந்தத் தாளில் 'இந்த இரண்டு கோப்பைகளும் ஒரே மாதிரியானவை' என்று ஓர் உதாரணம் இருந்தது. அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சுவர்த் தட்டில் இருந்த தன்னுடைய இரண்டு நீலக் கோப்பைகளையும் இறக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றின் விளிம்பில் மயிரிழை போல ஒரு கீறல்.

"ஒரே மாதிரி இல்லை," என்றார். "கிட்டத்தட்ட எண்டு மாத்தும்."

வகுப்புத் தாளுக்கே கோப்பையை இறக்கிப் பார்க்கிற மனுஷி. அவரிடம்தான் நான் அந்தப் படத்தைக் கொண்டுபோயிருந்தேன்.

படிவம் கேட்ட ஆள்

அதற்குப் பத்து நாட்களுக்கு முன்னால் மெட்ராஸிலிருந்து தம்பி தொலைபேசியில் வந்தான். அப்பா யாழ்ப்பாணத்தை விட்டு அங்கே போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"அக்கா, இதயத்திலை வால்வு பழுதாம். நெஞ்சைத் திறந்துதான் செய்யவேணுமாம். நாளும் குறிச்சாச்சு."

"அப்பா என்ன சொல்லுறார்?"

"ஒண்டும் சொல்லேல்லை. உன்னையும் பிள்ளையையும் முதல் ஒருக்காப் பாக்கவேணுமாம். பாத்திட்டுத்தானாம் ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து வைப்பார்."

எனக்கு இலங்கைப் பாஸ்போர்ட் இருந்தது. மைதிலி இங்கே பிறந்தவள், அவளுக்குப் பிரித்தானியப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு பேருக்கும் இந்திய விசா. என் கணவர் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை, லீவு கிடைக்கவில்லை. ஐந்து கிழமைக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில்தான் சிக்கல். படத்தின் பின்புறத்தில், 'இது இன்னாருடைய உண்மைச் சாயல் என்று சான்று கூறுகிறேன்' என்று ஒருவர் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் எங்களை இரண்டு வருடமாவது அறிந்தவராக இருக்க வேண்டும். வைத்தியர், சட்டத்தரணி, ஆசிரியர், மதகுரு அல்லது அவர்களை ஒத்த தகுதியுடைய ஒருவர்.

எங்கள் வைத்தியரிடம் பதிந்து மூன்று மாதம்தான். விம்பிள்டன் கோயிலில் தெரிந்த முகங்கள் நிறைய, ஆனால் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. எப்படிப் பார்த்தாலும் ஹவ்வா அக்கா ஒருவர்தான்.

கேட்கப் போவதற்கு முன் மூன்று நாள் யோசித்தேன். இவ்வளவு நாளும் தாள் அடித்துக் கொடுத்தது இதற்காகத்தான் என்று நினைத்துவிடுவாரோ? கேட்டபோது அவர், "இதுக்கேன் வாசல்லை நிண்டு கதைக்கிறீர், உள்ளை வாரும்," என்றார். அன்று எனக்கு நல்ல நித்திரை.

கிளினிக்கில் ஒரு பாராட்டு

இனிப் பொட்டின் கதை.

நான் தாவரவியல் படித்தவள். கிருமி என்றால் என்ன, காய்ச்சல் எப்படி வருகிறது என்பதெல்லாம் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். நாவூறு, கண் திருஷ்டி என்று ஒன்று இல்லை என்று ஊரில் வாதாடியும் இருக்கிறேன்.

மைதிலிக்கு ஒன்பது மாதம். நிறை பார்க்கக் கிளினிக்குக்குப் போகும் நாள். பஸ் போய்விடும் என்ற அவசரத்தில், வழக்கத்துக்காக வைக்கும் பொட்டையும் வைக்காமல் போய்விட்டேன். அங்கே தாதி அவளைத் தராசில் வைத்துவிட்டு, மற்ற எல்லாத் தாய்மாருக்கும் கேட்கும்படி, இவ்வளவு அழகான பிள்ளையை இந்த வருஷம் நான் காணவில்லை என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் காய்ச்சல். கொஞ்ச நேரத்தில் கண் மேலே செருகி, கைகால் இழுத்து வலிப்பு. அம்புலன்ஸ். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. காதுக்குள் கிருமி என்றார் டொக்டர். நான் தலையாட்டினேன். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அன்றிலிருந்து கறுத்தப் பொட்டு இல்லாமல் என் பிள்ளை வாசற்படி தாண்டியதில்லை. டூட்டிங் கடையில் வாங்கிய சாந்துப் போத்தல் ஒன்று வீட்டில், ஒன்று கைப்பையில். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். இன்றைக்கும் காதுக்குப் பின்னால் ஒன்று உண்டு. அவளுக்கே தெரியாது, இதை வாசிக்கும் அளவுக்குத் தமிழ் வரும்வரை.

பாஸ்போர்ட் படம் எடுத்த படப்பிடிப்புக்காரர் இருமல் மிட்டாய் மணக்கும் ஒரு கிழவர். "கன்னத்திலை ஏதோ ஊத்தை, துடைச்சு விடட்டோ?" என்று துணியோடு குனிந்தார். நான் அவருடைய கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் படத்தை எடுத்தார்.

சொல்லியிருக்கக் கூடாது

இப்போது குசினி மேசைக்கு வருகிறேன்.

"எனக்குப் பொட்டிலை கோபமில்லை," என்றார் ஹவ்வா அக்கா. "ஆனால் படத்திலை இது மச்சம் மாதிரி நிக்குது. நீர் தனியப் பிள்ளையோடை போறீர். எயார்போர்ட்டிலை ஒருத்தன் படத்தைப் பாப்பான், பிள்ளையைப் பாப்பான். மச்சம் எங்கை எண்டு கேட்டால்?"

"கேக்க மாட்டாங்கள், அக்கா."

"கேப்பாங்கள். என்ரை கன்னத்திலை இருக்கிற கீறலை எத்தினை பேர் விரலாலை தொட்டுப் பாத்திருக்கிறாங்கள் தெரியுமோ?"

அவருடைய இரண்டு கன்னத்திலும் சின்ன வயதில் ஊர் வழக்கப்படி கீறிய மெல்லிய கோடுகள் இருந்தன. நான் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

"உண்மைச் சாயல் எண்டு என்ரை பேரைப் போட்டு எழுதவேணும். இதுக்கு எழுத ஏலாது. அழிச்சிட்டு வேறை படம் எடுத்துக்கொண்டு வாரும். அஞ்சு நிமிஷ வேலை."

"அழிக்க ஏலாது, அக்கா."

"ஏன் ஏலாது?"

கிளினிக், தராசு, வலிப்பு எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். படித்த பிள்ளை என்று என்னை மதிக்கிற மனுஷியிடம் அதைச் சொல்ல வெட்கம். வெட்கம் கோபமாக வெளியே வந்தது.

"உங்களுக்கு விளங்காது. பெத்த பிள்ளையை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாத ஆளுக்குப் பிள்ளையை நினைச்சுப் பயப்படுறதெண்டால் என்னெண்டு தெரியும்?"

இது இரண்டு வருடமாக என் மனதில் கிடந்த விஷயம். அவருக்கு இரண்டு பிள்ளைகள். இளையவனை நாள் முழுவதும் பெயர் சொல்லிக் கொஞ்சுவார். மூத்தவள் ஸைனப், பத்து வயது. அவளை மட்டும் 'கே' என்றுதான் கூப்பிடுவார். பெண்பிள்ளையைப் பார்த்து 'நீ' என்று சொல்லும் சொல் அது. கே, இங்கே வா. கே, கதவைச் சாத்து. அவளைத் தடவி நான் கண்டதில்லை. ஏனோ மூத்ததில் பாசமில்லை என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. ஹவ்வா அக்கா திரும்பவில்லை. என் முதுகுக்குப் பின்னால் பார்த்து, "கே, அடுப்பைக் குறை," என்றார்.

ஸைனப் வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று எனக்குத் தெரியாது.

நான் படங்களையும் படிவத்தையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

சப்பாத்துக்குள்

இரண்டு நாள் தட்டச்சுப் பொறியைத் தொடவில்லை. அதன் நாடாவின் மை மணம் வீடு முழுவதும் இருந்தது. ஒரு பிள்ளைக்கு முன்னால் அந்தப் பிள்ளையின் தாயை அப்படிக் கேட்டேனே என்று ஒரு நேரம். அவர் கையெழுத்து வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும் என்று அடுத்த நேரம். அப்பா கையெழுத்து வைக்காமல் காத்துக்கொண்டிருக்கிறாரே என்று எல்லா நேரமும்.

கணவரிடம் சொன்னேன்.

"என்னப்பா நீ. நாவூறு பிளேனிலை ஏறி வராது. அதுக்கும் விசா வேணும்."

"பகிடி விடாதேங்கோ."

"சரி, பகிடி இல்லை. மன்னிப்புக் கேட்டனியோ?"

"இல்லை."

"அப்ப பொட்டை அழிச்சுப் படத்தை எடு. எடுத்துக்கொண்டு போய்க் கேள். வெறுங்கையோடை போனால் நீ வாசல்லையே நிண்டு அழுவாய்."

மூன்றாம் நாள் போனேன். படப்பிடிப்புக் கடையின் வாசலில் குழந்தை வண்டிலை நிறுத்தி, மைதிலியின் சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றினேன். கைப்பையிலிருந்த சாந்தை எடுத்து அவளுடைய உள்ளங்காலில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். கூச்சத்தில் காலை இழுத்துச் சிரித்தாள். சொக்ஸைப் போட்டு மூடினேன். பிறகுதான் கைலேஞ்சியை நனைத்துக் கன்னத்தைத் துடைத்தேன். ஒரு தரத்தில் போகவில்லை. மூன்று தரம் தேய்த்ததில் கன்னம் சிவந்துவிட்டது.

"ஆஹா, இண்டைக்குத் துப்பரவாய் வந்திருக்கிறா," என்றார் கிழவர். படம் காயும்வரை அதை விசிறிக்கொண்டே, "என்ன வடிவான பிள்ளை!" என்றார்.

யார் கேட்டார்கள் அவரை?

அங்கிருந்து ஹவ்வா அக்கா வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிட நடை. படத்தில் உள்ள முகத்தோடேயே அவர் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று பொட்டைத் திரும்ப வைக்கவில்லை. வண்டிலின் கூடாரத்தை முழுவதும் இழுத்துவிட்டேன். பஸ் தரிப்பில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி குனிந்து எட்டிப் பார்த்தாள். நான் வண்டிலைத் திருப்பிப் பாதையின் மறுபக்கம் போய்விட்டேன். வழியில் நான்கு தரம் நின்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். என் கை குளிர்ந்திருந்தபடியால் ஒவ்வொரு தரமும் நெற்றி சுட்டது.

அழகில்லாத பிள்ளை

ஹவ்வா அக்கா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தார். வழிவிட்டார்.

மேசையில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தராசிலிருந்து தொடங்கினேன். உள்ளங்கால் பொட்டைச் சொன்னபோது அவர் மைதிலியின் சொக்ஸைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிட்டார்.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் சிரிப்பீங்கள் எண்டு."

"நானோ?"

பூதக்கண்ணாடியை எடுத்தார். மைதிலியை மேசைமேல் இருத்தி, படத்தை அவளுடைய முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். நெற்றி, கண், மூக்கு, காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோப்பையைப் பார்த்த அதே பார்வை. மைதிலி படத்தைப் பிடுங்கி வாயில் வைக்கப் பார்த்தாள். இப்போது வடிவான பிள்ளை என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"மும்முனா," என்றார். பிறகு ஆங்கிலத்திலும் சொன்னார். "சரியான அவலட்சணம்."

சொல்லிவிட்டு என் கண்ணைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எங்கள் பக்கத்திலும் அப்படித்தான் சொல்வார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவருக்கும் அது தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

பேனா மூடியைக் கழற்றினார். படத்தின் பின்புறத்தில் பள்ளிக்கூடக் கையெழுத்தில், மைதிலியின் முழுப்பெயரையும் என்னிடம் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதினார். ஊதிக் காயவைத்தார்.

"அக்கா, அண்டைக்கு நான் ஸைனப்பைப் பற்றிச் சொன்னது..."

"முதல் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டம். மற்ற ஆக்களுக்கு முன்னாலை தடவ மாட்டம். எங்கடை வழக்கம். என்ரை அம்மாவும் என்னைக் கூப்பிட்டதில்லை."

"எனக்குத் தெரியாது, அக்கா. மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

அவர் பேனாவை மூடினார்.

"அவளின்ரை பேரைச் சொல்லுறனான்," என்றார். "அவள் பள்ளிக்கூடம் வெளிக்கிட்டாப் பிறகு. அவளின்ரை அறையைக் கூட்டேக்கை."

பிறகு எழுந்துபோய் ஒரு சிறிய தோல் குப்பியைக் கொண்டுவந்தார். அவர்கள் கண்ணுக்கு இடும் மை. க்வல்லி என்றார். மூடியோடு இணைந்த குச்சியில் மை தொட்டு, அதை என்னிடம் நீட்டினார்.

"வீட்டை போகும்வரைக்கும் ஏன் காத்துக்கொண்டு இருக்கிறீர்? வையும்."

மெட்ராஸ்

பாஸ்போர்ட் ஒரு வியாழக்கிழமை தபாலில் விழுந்தது. விசாவுக்கு விடியற்காலை வரிசையில் நின்றேன். அப்பாவுக்குக் குறித்த நாளுக்கு இரண்டு நாள் முந்தி மெட்ராஸில் இறங்கினோம். விமான நிலையத்தில் அதிகாரி படத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், முத்திரை குத்தினார். அவர் பார்த்த அந்த ஒரு நிமிடத்தில் ஹவ்வா அக்காவின் பூதக்கண்ணாடியை நினைத்துக்கொண்டேன்.

அப்பா மெலிந்திருந்தார். மைதிலி அவரிடம் போகவில்லை. என் தோளில் முகத்தைப் புதைத்துக் கத்தினாள். இரண்டாம் நாள், சத்திரசிகிச்சைக்கு முந்தின நாள் காலையில்தான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பிள்ளை, அந்தப் பொட்டை ஒருக்கா அழி," என்றார் அப்பா.

"ஏனப்பா?"

"நீ அனுப்பின படமெல்லாத்திலையும் பொட்டுத்தான் தெரியுது. எனக்கு முகத்தைப் பாக்கவேணும்."

சேலைத் தலைப்பால் துடைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். தாதி காகிதத்தோடு வந்து நின்றதையும் கவனிக்கவில்லை.

"ஒரு வடிவும் இல்லை," என்றார். கண் நிறைந்திருந்தது. "அச்சொட்டா உன்னைப் போல."

பிறகு தாதியிடம் காகிதத்தை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

மறுநாள் ஏழு மணித்தியாலம் வெளியே இருந்தோம். டொக்டர் வந்து, நல்லபடி முடிந்தது, அப்பா நாளைக்குப் பேசுவார் என்றார். தம்பி தேத்தண்ணீர் வாங்கப் போனான். நான் ஆஸ்பத்திரித் தபாற்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஹவ்வா அக்காவுக்கு ஆகாயத் தபால் எழுதினேன். முதலில் ஆங்கிலத்தில் செய்தி. கடைசியில் ஹவுசாவில் ஒரு வரி, எத்தனையோ தாள்களில் அடித்த சொற்களைப் பொறுக்கிச் சேர்த்தது. 'மஹைஃபினா கமர் கே யகே.' என் தகப்பன் உங்களைப் போல. சரியோ பிழையோ தெரியாது. பிழை என்றால் அவர் சிவப்பு மையால் திருத்தி வைத்திருப்பார்.

கடிதத்தை மடித்து ஒட்டும்போது மைதிலி என் மடியிலிருந்து எட்டி, வழியில் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். போகிறவர்களும் நின்று பார்த்துச் சிரித்தார்கள். அப்போதுதான் கண்டேன். முந்தின நாள் அப்பாவுக்காகப் பொட்டை அழித்த கன்னம் இன்னும் வெறுமையாகவே இருந்தது. ஒரு முழு நாள்.

கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, சாந்துப் போத்தலைத் தேடிப் பையைத் துழாவத் தொடங்கினேன்.